இனிஷியல் இல்லாத நல்லதம்பிகள்

பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து விட்டுப்போனதால்தான் செத்துப்போன நாலு பேர் சேந்தன்பட்டினத்துக்குத் திரும்பி வந்தார்கள், இதில் ஊருக்குள் மாற்றுக்கருத்து கிடையாது. விட்டுப்போன எழுத்து 'க'. கந்தசாமி மகன் நல்லதம்பி என்பதற்கான 'க'. அது இல்லாமல் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'நல்லதம்பி தெரு' என்று மொட்டையாக எழுதி, மாலை போட்டு, சேர்மன் கையால் திரையை விலக்கியும் ஆகிவிட்டது.

அந்தத் தெருவின் பழைய பெயருக்குப் பின்னால் ஒரு சாதி வால் தொங்கிக்கொண்டிருந்தது. வாலை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது, வாலை வெட்டினால் தலையும் சேர்ந்து போய்விடும் அளவுக்கு அது வாலாகவே இருந்த பெயர் என்பதால், நகராட்சிக்காரர்கள் புதுப்பெயர் தேடினார்கள். தெருக்காரர்கள் ஒரே குரலில் தண்ணீர்க்கார நல்லதம்பியின் பெயரைச் சொன்னார்கள். முப்பது வருஷம் ஒற்றை ஆளாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் அவர். வால்வு திருகும் நீள இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விடியும் முன்னே கிளம்பி, எந்தத் தெருவுக்கு எத்தனை திருகு என்று விரலிலேயே கணக்கு வைத்திருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பெருமழையில் சாக்கடை போய்க் குடிதண்ணீரில் கலக்க இருந்த நேரம், மார்பளவு தண்ணீரில் வால்வுக் குழிக்குள் இறங்கி, முழுச் சுற்றும் சுற்றி அடைத்துவிட்டு, ஏறிவர முடியாமல் அங்கேயே போய்விட்டார். அந்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் வாந்திபேதி வந்தது, சேந்தன்பட்டினத்தில் வரவில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு தெருவைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஊர் நினைத்தது சரிதான்.

சேர்மன் மேடையில் பேசினார். மேடைப் பேச்சின் வழக்கப்படி குரலை உயர்த்தி, கையை வானத்துக்கு நீட்டி, "நல்லதம்பி! நல்லதம்பி! எங்கள் நல்லதம்பி!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிட்டு முடித்தபோது கோட்டை மேட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், கோயில் குளத்துப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து இரும்புச் சாவியோடு ஒருவர் வந்தார். நாலு பேரும் பலகைக்குக் கீழே இருந்த சிமென்ட் மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிர்க்கடை ஜபருல்லா நாலு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதுதான் அவருடைய ஒரே குழப்பமாக இருந்தது.

முதலாமவர் கோட்டை நல்லதம்பி. கும்பினிக்காரன் பீரங்கியோடு வந்தபோது பதினோரு நாள் மண்கோட்டைக் கதவைத் திறக்காமல் நின்றவர். மார்பில் குண்டு போன ஓட்டை அப்படியே இருந்தது. அதை வெற்றிலைப் பைபோலச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் புலவர் நல்லதம்பி. அம்மன் மேல் அந்தாதி பாடி, தொண்ணூற்றொன்பதாவது பாட்டில் காய்ச்சல் கண்டு செத்தவர், நூறாவது பாட்டை இன்னமும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாமவர் கப்பல்கார நல்லதம்பி. தாது வருஷப் பஞ்சத்தில் ரங்கூன் அரிசியைக் கப்பலோடு கரைக்கு இழுத்து, இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பார்க்காமல் எட்டு மாசம் கஞ்சி ஊற்றியவர். பள்ளிக்கூடத்துச் சுவரில் இந்த மூவரைப் பற்றியும் இரண்டிரண்டு வரி எழுதியிருந்தது. நாலாமவரைப் பற்றி எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. அவர்தான் குருவம்மாவின் வீட்டுக்காரர்.

குருவம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவள் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு தரம்கூடப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது அவள் அம்மா வீட்டில் கற்றுக்கொண்டுவந்த பாடம். மற்றப் பெண்களுக்காவது 'சீனிவாசன்', 'முருகேசன்' என்று வாய்த்தது, அந்தச் சொல்லை மட்டும் தாண்டிப்போனால் போதும். இவளுக்கு வாய்த்ததோ நல்லதம்பி. கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் வாயில் நல்லெண்ணெய் எள்ளெண்ணெய் ஆயிற்று. நல்ல நாள் பெரிய நாள் ஆயிற்று. நல்ல பாம்பு 'படமெடுக்கிறது' ஆயிற்று. கூடப்பிறந்த தம்பி செல்லையாவைத் தம்பி என்று கூப்பிட முடியாமல் 'சின்னவனே' என்றாள். ஊருக்கெல்லாம் தம்பியாக இருந்த பஸ் கண்டக்டர்கள் அவளுக்கு மட்டும் 'ஏப்பா' ஆனார்கள். பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா வீட்டுக்காரர் பெயர் கேட்டபோது, "கெட்டதுக்கு எதிரு, அண்ணனுக்கு எளையவுக" என்று விடுகதை போட்டாள். அந்த நர்ஸம்மா கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள்.

இவ்வளவு பத்திரமாக அவள் பூட்டி வைத்த பெயரை, அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒருத்தி தினமும் சர்வசாதாரணமாக எடுத்து ஆண்டுகொண்டிருந்தாள். அவள் ரெஜினா. நகராட்சியில் டைப்பிஸ்ட். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், சுத்தமான பருத்திச் சேலை, கைக்கடிகாரம், நிமிர்ந்த நடை. காலையில் குழாயடியில் நின்று, "நல்லதம்பி, இன்னிக்குத் தண்ணி கம்மியா வருதே!" என்று அவள் கூப்பிடும்போது, அந்தப் பெயர் தெரு முழுக்கப் போய்த் திரும்பி வரும். இவர் உடனே, "இதோ வந்துட்டேன் மேடம்," என்று சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதில் ஒரு தப்பும் கிடையாது. இது குருவம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? அரிசி களைந்துகொண்டிருப்பவள் அந்தக் குரல் கேட்டால் அரிசியை அப்படியே விட்டுவிடுவாள். ரெஜினாவின் நாக்கில் அந்தப் பெயர் எப்படி இருக்கும், இனிக்குமா, உப்பாக இருக்குமா என்றுகூட யோசித்திருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமும் அந்த ஒரு பொறாமையைத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள், அதுவும் புருஷன் திறந்துவிட்ட தண்ணீரை.

ஆக, திரை விலகிய அன்று கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த குருவம்மா, புருஷன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அழவில்லை, மயங்கி விழவில்லை. நேரே வீட்டுக்கு ஓடினாள். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்று, "ஏங்க, சாப்பிட வாங்க," என்றாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க," என்றாள் மறுபடி. அவர் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னாலிருந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கொசு கடித்த மாதிரி கையைச் சொறிந்துகொண்டார்.

"அக்கா, அப்படிக் கூப்பிட்டா அவருக்கு விளங்காது," என்றார் ஜபருல்லா கடையிலிருந்தே. "காலையிலேருந்து நானும் கவனிச்சுட்டேன். பேரு சொல்லிக் கூப்பிட்டவங்கதான் இவங்க கண்ணுக்குத் தெரியிறாங்க, அவங்க பேச்சுத்தான் காதுல விழுது. நீங்க சும்மா ஒருதடவை பேரச் சொல்லுங்க."

"நான் எப்படிப்பா அதைச் சொல்லுவேன்?"

"போனவருக்கு இனிமே என்னக்கா ஆயுசு குறையப்போகுது?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் குருவம்மாவின் கணக்கு வேறு. ஒரு தரம் போனவர் மறுபடி வந்திருக்கிறார் என்றால் புதுசாக ஓர் ஆயுசோடுதான் வந்திருப்பார், அதை முதல் நாளே வாயால் குறைக்க அவள் தயாராக இல்லை. அதோடு, சொல்ல நினைத்தாலும் நாக்கு எழும்பவில்லை. அவள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே ரெஜினா வந்தாள். வந்தவள் கண்கலங்கி நின்று, "நல்லதம்பி, எப்படி இருக்கீங்க?" என்றாள். அவர் துள்ளி எழுந்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "நல்லா இருக்கேன் மேடம். தண்ணி வருதுங்களா?" என்றார். அவளோடு பேசிக்கொண்டே குழாயடிக்கு நடந்துபோனார். குருவம்மா அந்தக் குழம்பைக் கோட்டை நல்லதம்பியின் முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் இந்த நாலு பேரையும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. அவர்கள் பலகைக்குக் கீழேயே தங்கினார்கள், மழை பெய்தால் ஜபருல்லா கடைக்கு ஒதுங்கினார்கள். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதா என்று ஒரு பேச்சு கிளம்பியது. பட்டியலில் ஏற்கெனவே செத்தவர்கள் போதுமான அளவு இருப்பதாகச் சொல்லி விட்டுவிட்டார்கள். ஊரில் நல்லதம்பி என்று பெயருள்ள பிள்ளைகளின் தாய்மார்கள்தான் சிரமப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப்பதிவில் அந்தப் பெயரை வாசித்தால் ஜன்னலுக்கு வெளியே நாலு கட்டைக்குரல்கள் "உள்ளேன் அம்மா" என்றன. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதால் எந்த நல்லதம்பி என்று ஊர் அடைமொழி வைத்துக் கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாழ்த்துப்பா வேண்டிப் புலவர் நல்லதம்பியைக் கூப்பிட்டார்கள். கொடியேற்ற, பந்தயம் தொடங்கிவைக்க, இரு தரப்பு அடிதடியை விலக்கக் கோட்டை நல்லதம்பியைக் கூப்பிட்டார்கள். எந்த அன்னதானத்துக்கும் முதல் கரண்டி கப்பல்கார நல்லதம்பியுடையது. அவர் தொட்ட அண்டா காலியாகவில்லை என்று ஒரு பேச்சு. அதை அவரே மறுத்தார், அரிசி நிறையப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் என்றார்.

பொறாமை என்பது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சாயங்காலம் நாலு பேரும் ஒன்றுகூடினால் யாரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதுதான் பேச்சு. "கஞ்சி ஊத்தினதெல்லாம் ஒரு வீரமா?" என்பார் கோட்டைக்காரர். "கதவை மூடிக்கிட்டு உள்ளே உக்காந்திருந்ததை விடவா?" என்பார் கப்பல்காரர். புலவர் இருவரையும் இகழ்ந்து வெண்பா பாடுவார். தண்ணீர்க்கார நல்லதம்பி மட்டும் பேசாமல் சாவியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட ஊரில் ஆளில்லை. தண்ணீருக்கு இப்போது மோட்டார் வந்துவிட்டது, பொத்தானை அமுக்கினால் போதும். ஒரே ஒருத்தி தினமும் காலையில் தவறாமல் கூப்பிட்டாள். ரெஜினாவின் குழாயில் வாஷர் போயிருந்தது. மறுநாள் திருகு சுற்றவில்லை. அதற்கு மறுநாள் தொட்டியில் பாசி. ஒரு வீட்டுக் குழாயில் இத்தனை வியாதியா என்று குருவம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். 'நல்' வரைக்கும் வரும், பிறகு தொண்டையில் நிற்கும். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் ஒளித்துச் சொல்லிப் பார்த்தாள். பெயரை ஒரு தாளில் எழுதி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். புலவர் மட்டும் அதை எட்டிப் பார்த்து, அந்தரத்தில் ஒரு தாள் ஆடுகிறது, அதிலும் எழுத்துப் பிழை என்றார். கடைசியில் செல்லையாவைக் கூப்பிட்டு, "சின்னவனே, எனக்காக நீ கூப்பிடு," என்றாள்.

"மச்சானைப் பேரு சொல்லியா? என்னக்கா, வாய் கூசும்ல?"

"கூசுனா கூசட்டும். ஒருவேளைச் சோறு அவுக என் கையால சாப்பிடணும்."

செல்லையா மச்சானிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குருவம்மாவின் வாசலில் நின்று கூப்பிட்டான். பதற்றத்தில் அடைமொழி சொல்ல மறந்துபோனான், நாலு பேரும் வந்துவிட்டார்கள். அவள் நாலு இலை போட்டாள். நாலு பேரும் செல்லையாவிடம் உப்பு கேட்டார்கள், செல்லையாவிடம் மோர் கேட்டார்கள். புருஷன் விரலை நக்கிவிட்டு, "குழம்பு பிரமாதம் தம்பி, நீங்களா வச்சீங்க?" என்று கேட்டார். கரண்டியோடு அவர் முன்னாலேயே நின்ற குருவம்மாவுக்கு, ரெஜினாமேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் கூடப்பிறந்தவன்மேலும் வந்துவிட்டது. "போதும், கிளம்பச் சொல்லு," என்றாள்.

நாலு மாசம் இப்படிப் போன பிறகு ஊரில் தகராறு முற்றியது. பலகை யாருக்கு? கோட்டை மேட்டுக்காரர்கள் அது எங்கள் நல்லதம்பிக்கு வைத்தது என்றார்கள். கோயில் தெருக்காரர்கள், கடலோரத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நல்லதம்பி இருந்தார். போஸ்டர் ஒட்டினார்கள், கிழித்தார்கள், கிழித்தவனைத் தேடினார்கள். தண்ணீர்க்கார நல்லதம்பிக்காகப் போஸ்டர் ஒட்ட யாரும் இல்லை. புதிதாக வந்த கமிஷனர், கண்ணாடி போட்ட சிடுமூஞ்சி மனுஷர், கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். தீர்மானத்தில் 'நல்லதம்பி தெரு' என்று மட்டும் இருந்தது. யார் அடித்த தீர்மானம் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ரெஜினா முதன்முறையாகக் குருவம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. இனிஷியல் இல்லாம அடிச்சது நான்தான். மனுவுல 'க. நல்லதம்பி'ன்னுதான் இருந்துச்சு. நான்தான்... எப்பவும் வெறும் பேரைத்தானே கூப்பிட்டுப் பழக்கம், கை பாட்டுக்கு அப்படியே அடிச்சிடுச்சு."

குருவம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை. கந்தசாமி மகனாகவும் குருவம்மா புருஷனாகவும் இருந்த ஓர் ஆளை, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், தனக்கு மட்டும் தெரிந்த ஆள் மாதிரி இந்தக் கை எழுதியிருக்கிறது. அந்தக் கைகளைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் வெட்டிய, சுத்தமான கைகள். அவை இவளுடைய புருஷனின் பெயரை ஆயிரம் தரம் அடித்திருக்கும்.

"சரி, போயிட்டு வா," என்றாள்.

"வெள்ளிக்கிழமை பலகைக்கு முன்னாடியே விசாரணை அக்கா. இனிஷியலைக் குடும்பத்து ஆள் தன் வாயால முழுப்பேரோட சொல்லணுமாம். சொன்னவுடனே பெயின்டர் எழுதிடுவாரு. யாரோட இனிஷியலோ அவர் மட்டும்தான் இருப்பாரு. மத்த மூணு பேரும் போயிடணும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. யாருமே சரியாச் சொல்லலைன்னா பலகையையே எடுத்துடுவாங்க, நாலு பேரும் போயிடுவாங்க." படியிறங்கப் போன ரெஜினா திரும்பினாள். "உங்களால சொல்ல முடியலைன்னா, நான் சொல்லட்டுமா அக்கா?"

குருவம்மா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று, வயிறு எரிய எரிய, இருபத்தெட்டு வருஷமும் அழாத அழுகையை அழுதாள். செல்லையாவைச் சொல்லச் சொல்லலாம் என்றால், வைக்காத குழம்புக்கே பெயர் வாங்கிக்கொண்டு போனவன் அவன். புருஷனை இரண்டாம் தரம் சாகவிட முடியாது. ரெஜினாவின் வாயால் பிழைத்து, ரெஜினாவின் குழாய்க்கே காலம் பூராவும் வாஷர் மாட்டிக்கொண்டிருக்கவும் விட முடியாது. இரண்டில் எது அதிகமாக வலிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. பெயின்டர் ஏணியில் ஏறி, வெள்ளைப் பெயின்டில் தூரிகையை முக்கிக்கொண்டு தயாராக இருந்தார். கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டை மேட்டுக்காரர்களைக் கேட்டார். "வீ. நல்லதம்பி" என்றார்கள், வீரன் மகன் என்று. மேடையிலிருந்து கோட்டை நல்லதம்பியே இல்லையென்று தலையை ஆட்டினார். "எங்கப்பன் பேரு எனக்கே தெரியாது. நான் பொறக்கிறதுக்குள்ள அவன் ஊரை விட்டுப் போயிட்டான். பொய்யில எனக்குப் பலகை வேண்டாம்," என்றார். புலவருக்கு அப்பா பெயரும் நல்லதம்பி, தாத்தா பெயரும் நல்லதம்பி. 'ந. ந.' என்று போட்டால் தமக்குத் திக்குவாய் என்று பின்னால் வருகிறவர்கள் நினைப்பார்களே என்று அவரே பின்வாங்கிவிட்டார். கப்பல்காரரின் வம்சத்தார் இரண்டு பிரிவாக நின்று இரண்டு இனிஷியல் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கப்பல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தண்ணீர்க்கார நல்லதம்பிக்கு யார் இருக்கீங்க?" என்றார் கமிஷனர்.

குருவம்மா முன்னால் வந்து நின்றாள். "சொல்லுங்கம்மா," என்றார். அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சொல் வரவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க அவள் மறுபடி முயன்றாள். "கெட்டதுக்கு எதிரு..." என்று தொடங்கினாள். "விடுகதையெல்லாம் எழுத முடியாதும்மா," என்று கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அவங்க சொல்ல மாட்டாங்க, அவங்க வழக்கம் அப்படி," என்று ரெஜினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ரெஜினா வாயைத் திறந்தாள். அதிலிருந்து என்ன வார்த்தை வரப்போகிறது என்று ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூட வேலை பார்த்தவள் என்றிருப்பாள், பக்கத்து வீடு என்றிருப்பாள், அதற்கு மேல் என்ன சொல்லியிருக்கப்போகிறாள் என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். குருவம்மாவால் அப்படி நம்பிக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் விழக்கூடாது என்று அடிவயிற்றிலிருந்து ஒரு தீ கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டையில் முப்பது வருஷமாக மாட்டிக்கொண்டிருந்ததை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"க. நல்லதம்பி!" என்று கத்தினாள். "கந்தசாமி மகன் நல்லதம்பி! நல்லதம்பி! நல்லதம்பி!"

இனிக்கவில்லை, உப்பாகவும் இல்லை. வாய் வெந்துபோன மாதிரி இருந்தது. பெயின்டர் 'க' போட்டு, பக்கத்தில் மறக்காமல் புள்ளியும் வைத்தார். கோட்டைக்காரரும் புலவரும் கப்பல்காரரும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜபருல்லாவிடம் சொல்லிக்கொண்டு, வந்த வழியே நடந்துபோனார்கள். புலவர் நூறாவது பாட்டின் முதல் அடி கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனதாக ஒரு பேச்சு உண்டு.

தண்ணீர்க்கார நல்லதம்பி தலையைத் திருப்பினார். நாலு மாசத்தில் முதல் தடவையாக அவர் கண் குருவம்மாவின் மேல் வந்து நின்றது. அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அவர் எழுந்து, சாவியை எடுத்துத் தோளில் வைத்து, பக்கத்தில் வந்து, மரியாதையாகக் கேட்டார்:

"யாரும்மா நீங்க? எந்த வீடு? தண்ணி வரலையா?"

ஜபருல்லா பாலைப் பொங்கவிட்டார். ஊரில் எல்லாருடைய வாயிலும் அந்தப் பெயரைக் கேட்டிருந்த மனுஷனுக்கு, கேட்டே இராத குரல் இந்த ஒன்றுதான், அதனால் அவர் ஞாபகத்தில் ஏறாத ஆளும் இவள்தான் என்பது குருவம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. 'நான் உங்க பொண்டாட்டி' என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார், நல்ல மனுஷர். ஆனால் நம்பிவிட்டு, கல்யாணப் பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொண்டவர் மாதிரி நிற்பார். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"ஆமாங்க," என்றாள். "பச்சைக் கதவு வீடு. ரெண்டு வருஷமா வரலைங்க."

"ரெண்டு வருஷமாவா!" அவர் பதறிப்போனார். "யாருமே வந்து பாக்கலையா? அநியாயம்." சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"குருவம்மா."

"குருவம்மா," என்றார் அவர். எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தரம் சொன்னார். "குருவம்மா."

'இந்தா' என்றும், 'ஏ புள்ள' என்றும், 'எங்க இருக்க' என்றும் இருபத்தெட்டு வருஷம் கூப்பிட்ட வாயிலிருந்து தன் பெயர் வந்து கேட்டபோது, குருவம்மா அது வேறு யாரோ ஒரு பெண், நல்ல அழகி, இந்தக் கூட்டத்தில் எங்கோ நிற்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிய இடத்தில் ரெஜினா நின்றிருந்தாள். முப்பது வருஷமும் 'மேடம்' என்ற ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தில் ஏதோ ஒன்று கறுத்துக்கொண்டு வந்தது. அது என்னவென்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. குருவம்மாவுக்குத் தெரிந்தது, ஜன்னலுக்குப் பின்னால் நின்று வருஷக்கணக்காகத் தான் சுமந்த முகம் அது. ஒரு நிமிஷம் ஐயோ பாவம் என்றுகூட இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"நல்லதம்பி," என்றாள், இந்தத் தடவை நிதானமாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி. "நீங்க மெதுவா வாங்க. நான் முன்னாடி போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயசை மறந்து, ஊர் பார்க்க ஓடினாள். பச்சைக் கதவைத் தள்ளி, முற்றத்தைத் தாண்டி, கொல்லைக்குப் போனாள். அங்கே குழாய் வழக்கம்போலத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு, சுவரோரம் இருந்த வால்வை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு வராமல் இறுக்கி மூடினாள்.